‘கட்டின அட்வான்ஸ் திரும்ப வராது சார்!’: வண்டி புக்கிங் பணம் பற்றி வாசகர் கேள்விகள்

மாதக் கடைசி டார்கெட் அவசரத்தில் ஷோரூம்காரர்கள் கட்ட வைத்த அட்வான்ஸ் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். நுகர்வோர் சட்டமும் வாகனப் பதிவு நடைமுறையும் தெரிந்த எங்கள் குழு பதில் சொல்கிறது.

கார் பார்க்கத்தான் போனோம். ‘இந்தத் தள்ளுபடி இன்று சாயந்திரம் வரைக்கும்தான்’ என்று சொல்லி 25,000 ரூபாய் கட்ட வைத்துவிட்டார்கள். மூன்றே நாளில் வேண்டாம் என்று சொன்னோம். புக்கிங் ஃபார்மின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது’ என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி வழி உண்டா?
— வாசகி, சேலம்

உண்டு. ஆனால், ஷோரூமில் போய் வாங்கும் பொருளுக்கு, மனசு மாறினால் இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று நம் நாட்டுச் சட்டம் தனி அவகாசம் எதுவும் தரவில்லை. ‘மூன்று நாளில் சொல்லிவிட்டேனே’ என்பது மட்டும் வாதமாகாது. உங்கள் பலம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு தண்டம் என்று எழுதி வைத்திருந்தாலும், எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக் கூடியது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதி வைத்த தொகை அதற்கு உச்சவரம்புதான். உச்ச நீதிமன்றம் 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கிலும் இதை விளக்கியிருக்கிறது. நட்டமே இல்லாதவர் இழப்பீடு என்று பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

ஷோரூம் வக்கீல் ‘இது வெறும் அட்வான்ஸ் இல்லை, ஒப்பந்தத்தை உறுதி செய்யும் ஈட்டுப்பணம்’ என்பார். ஈட்டுப்பணம் என்று தெளிவாக எழுதியிருந்து, தொகையும் நியாயமாக இருந்து, தவறு வாங்குபவர் பக்கம் இருந்தால் பறிமுதல் செல்லும் என்றும் தீர்ப்புகள் உண்டு. அதனால் கேட்க வேண்டிய கேள்வி ‘எங்களால் உங்களுக்கு என்ன நட்டம்?’ என்பதுதான். ஸ்டாக்கில் நிற்கும் சாதாரண மாடல் காரை அடுத்த வாரமே வேறொருவருக்கு அதே விலைக்கு விற்றுவிடுவார்கள். நட்டக் கணக்கைக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் பதில் வராது. கேன்சல் கட்டணம் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஃபார்மிலேயே போட்டிருந்தால் அதை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். 25,000-ஐயும் விழுங்கப் பார்த்தால் விடாதீர்கள்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். புக்கிங், அதன்பின் உங்கள் பெயருக்கு சேசிஸ் எண் ஒதுக்குவது, அதன்பின் இன்வாய்ஸ், கடைசியாகப் பதிவு. ஒவ்வொரு படி ஏறும்போதும் ஷோரூமின் செலவு கூடும், உங்கள் வாதம் இளைக்கும். இது விற்பவர்களுக்கும் தெரியும். ‘மேனேஜர் லீவு, திங்கள்கிழமை வாங்க’ என்று இழுத்தடிக்கும் இடைவெளியில் இன்வாய்ஸ் போட்டுவிடுவதும் நடக்கிறது. அதனால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஷோரூம் முகவரி, விற்பனை மேலாளர் இருவருக்கும் அனுப்பி, கார் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் நகல் போடுங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

“…-ஆம் தேதி, … எண் ரசீதின்படி, … மாடல் காருக்கு 25,000 ரூபாய் செலுத்தினேன். பரிவர்த்தனை எண் … . இந்தப் புக்கிங்கை இன்றைய தேதியோடு ரத்து செய்கிறேன். என் பெயரில் சேசிஸ் எண் ஒதுக்கவோ, இன்வாய்ஸ் போடவோ, காப்பீடு எடுக்கவோ, பதிவுக்கு விண்ணப்பிக்கவோ வேண்டாம். முழுத்தொகையையும் 15 நாட்களுக்குள் பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். பிடித்தம் செய்வதானால் எந்த நிபந்தனையின்படி, உங்களுக்கு ஏற்பட்ட நட்டம் எவ்வளவு, அதற்கு ஆதாரம் என்ன என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதில் ‘என் பெயரில்’ என்று தொடங்கும் நான்காவது வரிதான் முக்கியம். ‘வேண்டாம்’ என்று எழுத்தில் சொன்ன தேதிக்குப் பிறகு இன்வாய்ஸ் போட்டால் அந்தச் செலவு அவர்கள் தலையில்.

காரியம் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவிடம் போனில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அந்தப் பையன் அடுத்த மாதம் வேறு ஷோரூமுக்குப் போய்விடுவான், சொன்னதற்குச் சாட்சி இருக்காது. கேன்சல் செய்ய ஒரிஜினல் ரசீதைக் கேட்பார்கள். முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டு, ‘ஒரிஜினல் பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரையோடு எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள். தொகை நிரப்பாத கேன்சல் ஃபார்மில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். ரத்து செய்யத்தான் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்டால், வந்த எஸ்.எம்.எஸ்.ஸை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்னொரு கதவும் இருக்கிறது. ரத்து மின்னஞ்சலின் நகலோடு கார்டு வங்கியில் ‘ரீஃபண்ட் வரவில்லை’ என்று டிஸ்ப்யூட் பதிவு செய்யலாம். இதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. யு.பி.ஐ.யில் நீங்களே அனுப்பிய பணத்துக்கு இது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

‘உங்கள் அட்வான்ஸுக்கு ஜி.எஸ்.டி. கட்டிவிட்டோம். அதைக் கழித்துக்கொண்டுதான் தருவோம்’ என்கிறார்களே, சரியா?
— வாசகர், திருநெல்வேலி

சரியில்லை. பொருள் விற்பனைக்காக வாங்கும் அட்வான்ஸுக்கு அதை வாங்கும்போதே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பர் 15 முதல் விலக்கு இருக்கிறது. வண்டியும் ஆக்செஸரீஸும் பொருள்தான். எக்ஸ்டெண்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் போன்றவை சேவை என்பதால் அவற்றுக்கான அட்வான்ஸில் வரி வரலாம். அப்போதும் சேவை தராமல் பணத்தைத் திருப்பினால் ‘ரீஃபண்ட் வவுச்சர்’ போட்டு அவர்கள் வரியைச் சரிசெய்துகொள்ளச் சட்டத்திலேயே இடம் உண்டு. இன்வாய்ஸே போட்டிருந்தால் ‘கிரெடிட் நோட்’. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அதைக் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ‘வரி கட்டிய ஆதாரத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள், பேச்சு அதோடு அடங்கிவிடும்.

ஆறு வாரத்தில் டெலிவரி என்றார்கள். ஐந்து மாதம் ஆகிறது. இப்போது விலை ஏறிவிட்டது, கூடுதலாகக் கட்டு என்கிறார்கள். பணத்தை வட்டியோடு கேட்க முடியுமா?
— வாசகர், தஞ்சாவூர்

முடியும். இங்கே வாக்குத் தவறியது அவர்கள். பிடித்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ‘ஆறு வாரம்’ என்பது எங்கே இருக்கிறது? புக்கிங் ஃபார்மில் ‘உத்தேச டெலிவரி’ என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதுவும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள். இனிமேல் புக் செய்கிறவர்கள், பணம் கட்டுமுன் அந்தக் கட்டத்தில் தேதியை எழுத வைத்து முத்திரை வாங்குங்கள்.

விலையைப் பொறுத்தவரை ‘டெலிவரி நாள் விலையே பொருந்தும்’ என்ற நிபந்தனை எல்லா ஃபார்மிலும் இருக்கும். தாமதம் அவர்களால் ஏற்பட்டதாக இருந்தால் இதை எதிர்த்து வாதாட இடமுண்டு. அதே நிபந்தனை உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும் என்பதை ஷோரூம்கள் சொல்வதில்லை. 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கும் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் புக் செய்து, பின்னால் இன்வாய்ஸ் போட்டவர்களுக்குப் புது வரிதான்.

தாமதத்தைச் சமாளிக்க வேறு நிறத்தையோ, யார்டில் கிடந்த பழைய வண்டியையோ தள்ளிவிடப் பார்ப்பார்கள். தயாரிப்பு நிறுவனம் வண்டிக்குத் தரும் தகுதிச் சான்றான படிவம் 22-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

கார் லோன் ஷோரூம் கணக்குக்குப் போய்விட்டது. இன்சூரன்ஸும் எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டுச் சூழ்நிலை மாறிவிட்டது. கேன்சல் செய்யலாமா?
— வாசகர், கோவை

முதலில், பதிவு நடந்துவிட்டதா என்று பாருங்கள். ஷோரூம் சொல்வதை நம்ப வேண்டாம். அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’ இணையதளத்தில் சேசிஸ் எண்ணையோ விண்ணப்ப எண்ணையோ கொடுத்துத் தேடலாம்.

பதிவு எண் விழுந்துவிட்டது என்றால், உள்ளதைச் சொல்கிறோம், கேன்சல் பேச்சை விடுங்கள். சட்டப்படி அது இனி நீங்கள் வாங்கிய வண்டி. தமிழ்நாட்டில் காருக்குக் கட்டும் வாழ்நாள் வரி மட்டுமே பெரிய தொகை. திருப்பி எடுத்தால் ஷோரூமுக்கு அது செகண்ட் ஹேண்ட் வண்டி. நீங்களே டெலிவரி எடுத்து விற்பதுதான் நட்டம் குறைவான வழி.

பதிவு ஆகவில்லை, இன்வாய்ஸ் மட்டும் போட்டிருக்கிறார்கள் என்றால் ஒரே நாளில் மூன்று கடிதங்கள் போக வேண்டும். ஷோரூமுக்கு மேலே சொன்ன ரத்துக் கடிதம், அதோடு ‘லோன் தொகையை வங்கிக்கும், நான் கட்டிய முன்பணத்தை எனக்கும் அனுப்பவும்’ என்ற வரி. வங்கிக்கு, வண்டி டெலிவரி எடுக்கவில்லை, லோனை ரத்து செய்யவும் என்று. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு, வண்டி பதிவாகவில்லை, பாலிசியை ரத்து செய்யவும் என்று. புது காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுப்பார்கள். அந்தப் பிரீமியம் சின்னத் தொகை அல்ல, அது ஷோரூமின் கழிவுக் கணக்கில் காணாமல் போய்விடக் கூடாது.

இங்கே வழக்கமாக அடிபடுவது வட்டி. பணம் ஷோரூமில் சும்மா கிடந்தாலும், வங்கியைப் பொறுத்தவரை அது உங்கள் கடன். வட்டி ஓடும், இ.எம்.ஐ. பிடிப்பார்கள். கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். கட்டிக்கொண்டே, ரத்துக் கடிதம் கிடைத்த நாளுக்குப் பிறகான வட்டியை ஷோரூமிடம் கேளுங்கள். பிராசஸிங் கட்டணம் திரும்ப வருவது அரிது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

எக்ஸ்சேஞ்சுக்காகப் பழைய காரை ஷோரூமில் விட்டுவிட்டோம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்று. புது கார் வேண்டாம் என்றதும் ‘பழைய காரை விற்றுவிட்டோம்’ என்கிறார்கள்.
— வாசகர், ஈரோடு

அட்வான்ஸைவிட இதுதான் அவசரம். காரணம், ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், அந்த வண்டி விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால், காரையும் ஆர்.சி.யையும் கையெழுத்திட்ட படிவங்களையும் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ‘பெயர் மாற்ற விண்ணப்பம் வந்தால் எனக்குத் தெரிவிக்கவும்’ என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். உண்மையிலேயே விற்றுவிட்டார்கள் என்றால், எக்ஸ்சேஞ்ச் மதிப்பாகக் கோட்டேஷனில் எழுதிய தொகையை, எக்ஸ்சேஞ்ச் போனஸ் நீங்கலாக, பணமாகக் கேட்கலாம்.

2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வண்டி தங்கள் கைக்கு வந்ததைப் போர்ட்டலிலும் தெரிவிக்க வேண்டும். இதை அவர்கள் செய்தார்களா என்று கேட்டாலே நிறைய ஷோரூம்களில் குரல் இறங்கிவிடும்.

ரீஃபண்டுக்குக் கொடுத்த செக் ‘பணமில்லை’ என்று திரும்பிவிட்டது.
— வாசகி, மதுரை

ஒரு வகையில் உங்களுக்கு இது சாதகம். செக் கொடுத்ததால், தர வேண்டிய தொகை எவ்வளவு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிட்டது. ஆனால் நாட்களைக் கவனியுங்கள். வங்கியின் ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். ‘மறுபடி போடுங்க, இந்த முறை பாஸ் ஆகும்’ என்றால் போடலாம், செக் தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டக் கூடாது. இதற்கு மட்டும் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமல் போக முடியுமா? எவ்வளவு செலவு? நான் புக் செய்தது லோடு வண்டி, ‘கமர்ஷியல் வண்டிக்குக் கேஸ் செல்லாது’ என்கிறார்கள்.
— வாசகர், விழுப்புரம்

நீங்களே ஓட்டிப் பிழைக்க வாங்குகிற வண்டி என்றால் செல்லும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கிவிட்டு, சுயதொழில் செய்து வாழ்வாதாரம் தேட வாங்குபவரை நுகர்வோராகவே ஏற்கிறது. மனுவில் ‘என் குடும்ப வாழ்வாதாரத்துக்காக நானே ஓட்டும் வண்டி’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிம நகலையும் வையுங்கள். ஏற்கெனவே நாலைந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர் என்றால் சிவில் நீதிமன்றம்தான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தமிழிலும் பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, புகாரை நிறுவனத்துக்குத் தள்ளிப் பதில் கேட்பார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் தலைமையிடத்துக்கு விஷயம் போனதும் பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, நீங்களே அனுப்பலாம். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்ட்டரில் ‘பதிவு வசதியோடு’ என்று கேட்டு, டெலிவரி ஆன விவரத்தை இணையத்திலிருந்து எடுத்து வையுங்கள். 15 நாள் கெடு போதும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, நீங்கள் கட்டிய பணத்தை வைத்துத்தான் இந்தக் கணக்கு. வக்கீல் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ருதி’ போர்ட்டலில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், விசாரணைக்குக் காணொலியில் ஆஜராகவும் கேட்கலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஷோரூமுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் இந்தக் கெடு நீளாது.

மனுவோடு உறுதிமொழிப் பத்திரம், ரசீது, புக்கிங் ஃபார்ம் இருபக்கமும், வங்கி ஸ்டேட்மென்ட், ரத்து மின்னஞ்சல், நோட்டீஸும் டெலிவரி விவரமும் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை பிரிண்ட் எடுத்து வைத்தால், பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றும் இணைத்துவிடுங்கள், பின்னால் ஆட்சேபம் வராது. எதிர்மனுதாரர் பெயரை போர்டைப் பார்த்து எழுதாதீர்கள். போர்டில் இருப்பது பிராண்டின் பெயர். ரசீதில் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சட்டப்பூர்வப் பெயர்தான் வேண்டும். இந்த ஒரு தவறால் நோட்டீஸ் போய்ச் சேராமல் மாதக்கணக்கில் இழுத்த வழக்குகள் உண்டு.

கேட்க வேண்டியவை: கட்டிய தொகை, ரத்து தேதியிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. 25,000 ரூபாய் விவகாரத்துக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்டால் மனுவின் மரியாதை போய்விடும். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அறிவித்து நிபந்தனையை ரத்து செய்யும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் வெளிப்படையாகத் தந்திருக்கிறது. அதனால் மாவட்ட ஆணையத்தில் ‘நியாயமற்ற வணிக நடைமுறை’, ‘சேவைக் குறைபாடு’ என்ற அடிப்படையில் கேளுங்கள்.

ஷோரூம் பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 46-வது நாள் வரும் பதிலுக்கு நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதிகம் ஆகும். தீர்ப்புக்குப் பின்னும் பணம் தராவிட்டால் 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

ஷோரூமையே மூடிவிட்டார்கள். கம்பெனி பொறுப்பேற்காதா?
— வாசகர், வேலூர்

ரசீதில் யார் பெயர் இருக்கிறது? தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் புக் செய்து பணம் அவர்கள் கணக்குக்கே போயிருந்தால் அவர்களிடமே கேளுங்கள். டீலர் கணக்குக்குப் போயிருந்தால் சிரமம். டீலரின் தவறு நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபித்தால் ஒழிய நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் – அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிராண்டின் பெயரைக் காக்க, அதே புக்கிங்கைப் பக்கத்து டீலருக்கு மாற்றித் தருவதும் உண்டு. மூடப்போவது தெரிந்தே பணம் வசூலித்திருந்தால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318-வது பிரிவில் போலீஸ் புகார் கொடுக்கலாம். மற்ற வாடிக்கையாளர்களோடு சேர்ந்து கொடுத்தால் கவனம் கிடைக்கும். டீலர் கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால் நுகர்வோர் வழக்கு நின்றுவிடும். அங்கே நியமிக்கப்பட்ட தீர்வு அதிகாரியிடம், பொது அறிவிப்பில் சொன்ன தேதிக்குள், ரசீதோடு உங்கள் கோரிக்கையைப் பதிய வேண்டும்.

சேல்ஸ்மேன் தன் சொந்த ஜிபேவுக்கு 5,000 வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை.
— வாசகர், கடலூர்

அன்றைய வாட்ஸ்அப் உரையாடலையும் பரிவர்த்தனை விவரத்தையும் இணைத்து, ‘உங்கள் ஊழியர் உங்கள் ஷோரூமில் வைத்து, உங்கள் வண்டிக்காகப் பெற்ற தொகை, ரசீது தரவும்’ என்று ஷோரூமுக்கு எழுதுங்கள். அவர்கள் கைவிரித்தால், அதே மின்னஞ்சலைத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டுக் காவல் நிலையத்தில் அந்த நபர் மீது புகார் கொடுங்கள்.